வீட்டுக்குள் நன்னீர் ஆமைத் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் வளரும் நன்னீர் ஆமைகளுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை தொட்டியிலிருந்தே தொடங்குகின்றன. சூடு போதாது, புற ஊதா ஒளி கிடையாது, தண்ணீர் அழுக்கு. இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டால் ஆமை பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர். அதனால்தான் முதலில் தொட்டி, அதன் பிறகே ஆமை என்ற வரிசையை நான் விடாமல் வலியுறுத்துகிறேன். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் சிவப்புக் காது ஸ்லைடர், மஞ்சள் வயிற்று ஸ்லைடர் ஆகிய இரண்டு ஆமை வகைகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. கஸ்தூரி ஆமை போன்ற சிறிய இனங்களுக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

ஆமை வளர்ப்பவர்களிடையே வழங்கும் கணக்கு இது: ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர். வளர்ந்த பெண் ஸ்லைடரின் ஓடு 25 முதல் 30 செ.மீ. வரை போகும். அப்படியானால் ஒரே ஓர் ஆமைக்கு 400 முதல் 480 லிட்டர் வரை தேவை. ஆண் சற்றுச் சிறியது. 15 முதல் 20 செ.மீ. வரை. சாதாரணக் கஸ்தூரி ஆமை 8 முதல் 13 செ.மீ.யோடு நின்றுவிடும் என்பதால், இடம் குறைவாக உள்ளவர்கள் ஸ்லைடரை விட்டுவிட்டு அதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். ஆமை நீந்துவது பக்கவாட்டில்தான். முழு உடலோடு தடையின்றித் திரும்ப அதற்கு இடம் வேண்டும். வாங்குவதற்கு முன் எடையையும் யோசியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 400 லிட்டர் தொட்டி, கண்ணாடியும் தாங்கியும் சேர்ந்து அரை டன்னை நெருங்கும். சாதாரண மேசையோ அலமாரியோ அதைத் தாங்காது.

சிறிய தொட்டியில் வைத்தால் ஆமை சிறியதாகவே இருந்துவிடுமாமே?

இல்லை. இந்த நம்பிக்கையால் துன்பப்பட்ட ஆமைகளுக்குக் கணக்கில்லை. நெருக்கடியான தொட்டியில் வளர்ச்சி குன்றினால் அது நோயின் அடையாளம். மோசமான தண்ணீர், சத்துக் குறைவு, புற ஊதா ஒளி இல்லாமை ஆகியவையே வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஓடு கோணலாகிறது, எலும்பு வலுவிழக்கிறது. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் குஞ்சு முதல் சில ஆண்டுகளில் வேகமாக வளரும். ஆண்டுதோறும் தொட்டியை மாற்றுவதைவிடத் தொடக்கத்திலேயே பெரியதை வாங்குவதுதான் செலவிலும் சிக்கனம்.

தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்கலாம்? குஞ்சு மூழ்கிவிடாதா?

ஸ்லைடர் நல்ல நீச்சல்காரர். ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் இருந்தால் வசதியாக நீந்தும். வளர வளர அதைக் கூட்டலாம். ஆழம் குறைவதில்தான் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆமை தலைகீழாகக் கவிழ்ந்தால் மீண்டும் புரண்டு நிமிர, ஓட்டின் அகலத்துக்காவது தண்ணீர் வேண்டும். ஒரு விரற்கடைத் தண்ணீரில் கவிழ்ந்த குஞ்சு எழ முடியாமல் இறந்துபோகலாம்.

கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையிலோ, அலங்காரப் பொருளின் அடியிலோ சிக்கிக்கொள்வதுதான் ஆமைகள் மூழ்கி இறப்பதற்கு முக்கியக் காரணம். ஆமையும் காற்றைச் சுவாசிக்கும் உயிர்தான். ஆகவே உடல் தாராளமாக நுழைந்து வெளியேற முடியாத இடுக்கு எதையும் தொட்டிக்குள் விடாதீர்கள். கஸ்தூரி ஆமை நீந்துவதைவிடத் தண்ணீருக்கடியில் தொட்டியின் தரையில் நடப்பதையே விரும்பும். அதற்கு ஆழமான தொட்டி வைத்தால், ஏறி மேற்பரப்பை எட்ட மரக்கட்டைகளும் வேர்களும் வையுங்கள்.

வெயில் காயும் மேடை எதற்கு? எப்படி அமைப்பது?

ஆமையால் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க முடியாது. உண்டதைச் செரிப்பதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அத்துடன் மேடையில் ஓடு முழுமையாகக் காய்கிறது. காயாத ஓட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும்.

மேடை தண்ணீருக்கு வெளியே, முற்றிலும் உலர்ந்ததாக இருக்க வேண்டும். முழு ஆமையும் அதன் மேல் ஏறித் திரும்பும் அளவுக்கு இடம் வேண்டும். ஏறும் சரிவு தண்ணீருக்குள்ளிருந்தே தொடங்கட்டும், சொரசொரப்பாகவும் இருக்கட்டும். வழுக்கும் சரிவில் ஒருமுறை விழுந்த ஆமை நாட்கணக்கில் அந்தப் பக்கமே போகாது. காந்தத்திலோ உறிஞ்சு கப்பிலோ ஒட்டும் மிதவை மேடைகள் குஞ்சுகளுக்கு மட்டுமே சரி. ஒன்றரைக் கிலோ பெண் ஆமை ஏறினால் மேடையே அமிழ்ந்துவிடும். பெரிய ஆமைகளுக்குத் தொட்டியின் விளிம்புக்கு மேலே பொருத்தும் மேடைதான் என் தேர்வு. தண்ணீர் அளவைக் குறைக்காமல் முழுத் தொட்டியையும் பயன்படுத்தலாம். மேடையைச் சுற்றித் தடுப்பு வைத்தால் ஆமை வெளியே குதிக்காது.

மேடையில் வெப்பம் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். அதைக் கையால் தொட்டு ஊகிக்காமல், ஆமையின் முதுகு வரும் உயரத்தில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். சாதாரண ஹாலோஜன் பல்பு போதும். எல்.இ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது, சூடு தராது.

புற ஊதா விளக்கு கட்டாயமா? வெப்ப பல்பு மட்டும் போதாதா?

போதாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆமை உணவிலுள்ள கால்சியத்தை உடலில் சேர்க்க வைட்டமின் டி3 வேண்டும். ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா-பி கதிர்கள் தோலில் படும்போது அந்த வைட்டமினின் முன்வடிவம் உருவாகிறது. பிறகு உடல் வெப்பம்தான் அதை டி3 ஆக மாற்றுகிறது. அதாவது, ஒளியும் சூடும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். தொட்டியின் ஒரு மூலையில் வெப்ப பல்பும் எதிர் மூலையில் புற ஊதா விளக்கும் வைப்பவர்களைப் பார்க்கிறேன்; விளக்குக்குக் கொடுத்த பணத்தில் பாதி அங்கே வீணாகிறது.

குழல் வடிவ டி5 விளக்குகள் மேடை முழுவதும் சீராக ஒளியைப் பரப்பும். சுருள் வடிவச் சிறிய பல்புகளின் வீச்சு குறுகலானது. எந்த விளக்காயினும் தயாரிப்பாளர் குறிப்பிடும் தூரத்தில் மாட்டுங்கள். பல டி5 விளக்குகளுக்கு அது 25 முதல் 40 செ.மீ.க்குள் அமையும். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ இருந்தால் கதிர் தடைபடும். கம்பி வலையும் ஒரு பகுதியைக் குறைக்கும். இன்னொன்று: விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அதிலிருந்து வரும் புற ஊதா-பி மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. டி5 குழல்களை ஆண்டுக்கொரு முறையும் சுருள் பல்புகளை ஆறு மாதத்துக்கொரு முறையும் மாற்றுவது வழக்கம். மாட்டிய தேதியை விளக்கின் பொருத்தியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் ஒளி, பிறகு முழு இருட்டு. நேரக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வாங்கினால் இந்தக் கவலை தீர்ந்தது.

ஜன்னலோரம் வெயிலில் தொட்டியை வைத்தால் ஆகாதா?

ஆகாது. ஜன்னல் கண்ணாடி வழியே புற ஊதா-பி கிட்டத்தட்ட வருவதே இல்லை. சூடு மட்டும் வரும். நேரடி வெயிலில் கண்ணாடித் தொட்டி சில மணி நேரத்தில் ஆபத்தான அளவுக்குக் கொதிக்கும், பாசியும் மண்டும்.

தண்ணீருக்கு ஹீட்டர் தேவையா?

அறையின் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. வளர்ந்த ஸ்லைடருக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரியும், குஞ்சுகளுக்கு 26 முதல் 28 டிகிரியும் ஏற்றது. ஆண்டு முழுவதும் தண்ணீர் தானாகவே இந்த அளவில் இருந்தால் ஹீட்டர் வேண்டாம். தண்ணீரை மேடையளவுக்குச் சூடாக்காதீர்கள். தண்ணீரிலேயே போதிய சூடு கிடைத்துவிட்டால் ஆமை மேலே ஏறாது.

ஹீட்டர் வைப்பதானால் கண்ணாடி உறையுள்ளதைத் தவிருங்கள். ஆமை மோதி உடைத்துவிடும். பாதுகாப்புக் கூண்டு போட்டதோ உலோக உறையுள்ளதோ நல்லது. தண்ணீர் மாற்றும் முன் மின்னிணைப்பை எடுக்க வேண்டும்; வெளியே தெரியும் சூடான ஹீட்டர் வெடித்துவிடும். எல்லா மின்கம்பிகளும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி வீட்டில் இல்லையென்றால் தொட்டிக்கு முன் அதைப் பொருத்துங்கள்.

எந்த ஃபில்டர் வாங்குவது?

ஆமை உண்பதும் கழிப்பதும் ஒரே தண்ணீரில்தான். மீன்களோடு ஒப்பிட்டால் அது உண்டாக்கும் கழிவு பல மடங்கு. அதனால், மீன் தொட்டிக்கெனக் குறிப்பிட்ட கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு திறனுள்ள ஃபில்டர் வேண்டும். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 400 முதல் 600 லிட்டர் தொட்டிக்கானதை வாங்குங்கள். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் வகைதான் பெரிய ஆமைகளுக்கு ஏற்றது. தொட்டிக்குள் மூழ்கும் சிறிய ஃபில்டர் குஞ்சுக்காலத்துக்கு மட்டும்.

ஆமையை விடுவதற்கு முன் தொட்டியைச் சில வாரம் ஓட்ட வேண்டும் என்பது ஏன்?

கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அமோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் ஒட்டி வளர்பவை. புதுத் தொட்டியில் அவை நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டியின் பழைய ஸ்பாஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் வேலை வேகமாக நடக்கும். அது நோயில்லாத தொட்டியாக இருக்க வேண்டும்.

ஆமை ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? பரவாயில்லை. மீனைப் போல அது தண்ணீரைச் சுவாசிப்பதில்லை, ஓரளவு தாங்கும். ஆனால் அமோனியா கண்ணையும் தோலையும் அரிக்கும். பாக்டீரியா நிலைபெறும் வரை ஓரிரு நாளுக்கொரு முறை கொஞ்சம் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். சோதனைத் திரவங்கள் வாங்கிப் பாருங்கள்: அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 40 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 40 பங்குக்குள்) இருந்தால் தொட்டி தயார்.

தண்ணீரை எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுவது?

நல்ல ஃபில்டர் இருந்தால் வாரம் ஒரு முறை கால் பங்கு முதல் பாதி வரை. முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவும் பழக்கத்தை விடுங்கள். அது பாக்டீரியாவின் சமநிலையைக் குலைத்துவிடும், ஆமையையும் மிரள வைக்கும்.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அதிலுள்ள குளோரின், வளர்த்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே பிழிந்து அலசினால் போதும். புதுத் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும்; குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோராமின் கலந்திருந்தால் போகாது. உங்கள் குடிநீரில் எது கலக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் குளோரின் நீக்கும் திரவத்தையே ஊற்றுங்கள். புதுத் தண்ணீரின் வெப்பமும் பழையதை ஒத்திருக்க வேண்டும். கழிவை உறிஞ்சும் குழாயை வாயால் இழுத்துத் தொடங்கவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

எவ்வளவு கழுவினாலும் நாற்றம் அடிக்கிறதே?

பெரும்பாலும் அளவுக்கு மீறிய உணவுதான் காரணம். அடுத்த காரணம் சிறிய ஃபில்டர். வேறொரு பெட்டியில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஆமையை அதில் விட்டு உணவு கொடுத்துப் பாருங்கள்; தொட்டியில் சேரும் அழுக்கு வெகுவாகக் குறையும். இடம் மாறினால் உண்ண மறுக்கும் கூச்ச சுபாவமுள்ள ஆமைகளை மட்டும் இதற்குக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அடியில் கூழாங்கல் போடலாமா?

ஆமையின் தலையைவிடப் பெரியதென்றால் போடலாம். சிறிய கற்களை ஆமைகள் விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும். மெல்லிய மணல் அழகாகவும் இயல்பாகவும் இருக்கும், சுத்தம் செய்வது சற்றுக் கடினம். எதுவும் போடாத வெறுந்தரைதான் பராமரிக்க எளிது. தொடங்குபவர்களுக்கு அதையே சொல்வேன்.

மீனும் செடியும் சேர்த்து வைக்கலாமா?

மீன்களை ஆமை இரையாகத்தான் பார்க்கும். சில மாதம் ஒன்றும் நடக்காமல் ஒரே இரவில் எல்லாம் காணாமல் போகலாம். செடிகளைத் தின்றுவிடும் அல்லது பிடுங்கிப்போடும். எலோடியா போன்ற தின்னத் தகுந்த நீர்ச்செடிகளை அதற்கென்றே விடுங்கள், தொட்டி அழகுக்கென்று விடாதீர்கள்.

ஒற்றை ஆமைக்குத் தனிமையாக இருக்காதா? துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?

வாங்காதீர்கள். நன்னீர் ஆமைகள் கூட்டுக் குடும்பமாக வாழும் உயிர்கள் அல்ல. ஒன்றன் மேல் ஒன்று ஏறி வெயில் காய்வதைப் பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது இடத்துக்கான போட்டி. இரண்டு ஆண்கள் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் இருந்தால் ஆண் ஓயாமல் துரத்தும், பெண் ஒளிய இடமின்றிச் சோர்ந்துபோகும். வளர்ந்த ஸ்லைடர்களில் ஆணுக்கு முன்னங்கால் நகங்கள் நீளமாகவும் வால் தடித்து நீண்டும் இருக்கும். குஞ்சுப் பருவத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாது என்பதால் ஜோடி என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம்.

என்ன உணவு, எவ்வளவு?

குஞ்சுகளுக்குப் புரதம் அதிகம் வேண்டும், நாள்தோறும் உணவு வேண்டும். வளர வளர ஸ்லைடர் இலைதழைக்கு மாறும். வளர்ந்த ஆமைக்கு நாள்தோறும் இலைகளும், இரண்டு மூன்று நாளுக்கொரு முறை தீவன உருண்டைகளும் போதும். ஒரு வேளைக்கான உருண்டைகள், ஆமையின் தலைக்குள் அடங்கக்கூடிய அளவைத் தாண்ட வேண்டாம். அது கண்ணாடியருகே வந்து கெஞ்சும். பசி என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைக் கண்டால் உணவு வரும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

தரமான உருண்டைத் தீவனத்தோடு ரோமெய்ன் லெட்டூஸ், துருவிய கேரட், பூசணி, எப்போதாவது மண்புழு எனக் கொடுக்கலாம். பசலைக்கீரை கால்சியத்தைப் பிணைத்துவிடும் என்பதால் அடிக்கடி வேண்டாம். கடல்நுரை எனப்படும் கணவாய் ஓட்டை ஒரு துண்டு மிதக்கவிட்டால் கால்சியத்துக்கு ஆயிற்று. உலர்ந்த இறால் மட்டும் போட்டு வளர்ப்பதுதான் மிகப் பெரிய கேடு. அதில் வைட்டமின் ஏ போதாது. கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டு, பார்க்க முடியாமல் உண்பதையும் நிறுத்திய குஞ்சுகள் பெரும்பாலும் இப்படி வளர்க்கப்பட்டவையே. ரொட்டி, பால், சமைத்த உணவு எதுவும் கூடாது. உணவைத் தண்ணீருக்கு வெளியே வைக்காதீர்கள். தண்ணீருக்குள் இருந்தால்தான் அதனால் விழுங்க முடியும்.

ஓட்டிலிருந்து மெல்லிய தகடுகள் உரிகின்றன. நோயா?

கண்ணாடி போல மெலிதாக, முழுத் தகடாக உரிந்து, அடியில் கெட்டியான புது ஓடு தெரிந்தால் அது வளர்ச்சி. கையால் பிய்க்காதீர்கள். உரிந்த இடம் மென்மையாக, குழிவாக, வெண்மையாக அல்லது சிவந்து நாற்றமடித்தால் ஓட்டழுகல். மருத்துவரிடம் போக வேண்டும்.

வேறு எந்த அறிகுறிகளுக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒரு பக்கம் சாய்ந்தபடி நீந்துவது, மூக்கிலும் வாயிலும் குமிழி, வாயைத் திறந்தபடி மூச்சுவிடுவது: இவை நுரையீரல் தொற்றைக் காட்டலாம். காத்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் ஓடு வளைந்தால் எலும்பு நோய் முற்றிவிட்டது (சிறு குஞ்சின் ஓடு இயல்பாகவே சற்று இளகியிருக்கும்). வீங்கிய கண்ணுக்குக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தால் காரணம் அப்படியே இருக்கும். வைட்டமின் ஏ ஊசியும் அளவு மீறினால் நஞ்சு. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார், எங்கே என்று ஆமை நலமாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

ஆண் ஆமையின் வாலடியில் கருத்த சதை திடீரென வெளியே வந்தால் பலர் பதறிவிடுகிறார்கள். அது அதன் பாலுறுப்பு. சில நிமிடங்களில் உள்ளே போய்விட்டால் கவலையில்லை. போகாவிட்டால் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

பெண் ஆமை உண்ணாமல், மேடையைப் பின்னங்காலால் தோண்டிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

முட்டையிட இடம் தேடுகிறது. ஆணே இல்லாவிட்டாலும் பெண் முட்டையிடும். இடமில்லாமல் அடக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆழமான பெட்டியில், ஓட்டின் நீளத்துக்குக் குறையாத உயரத்துக்கு ஈர மணலும் மண்ணும் கலந்து நிரப்பி, அமைதியான இடத்தில் ஆமையைச் சில மணி நேரம் விடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தும் முட்டை வராமல் சோர்ந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஆமை வளர்ப்பது பாதுகாப்பா?

நலமாகத் தோன்றும் ஆமையின் குடலிலும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம்; தொட்டித் தண்ணீரிலும் ஓட்டிலும் அது பரவியிருக்கும். ஒரு முறை சோதித்து இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது, ஏனெனில் அது விட்டுவிட்டுத்தான் வெளியேறும். ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்கும் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதை அமெரிக்கா 1975இல் தடை செய்ததற்குக் காரணமே, குஞ்சுகளை வாயில் வைத்த குழந்தைகளுக்கு வந்த நோய்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொட வேண்டாம். தொட்ட எவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிப் பொருட்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வாளியும் துணியும் தனியாக இருக்கட்டும்.

சில நாள் வெளியூர் போனால்? மின்சாரம் நின்றால்?

நலமான வளர்ந்த ஆமை நான்கைந்து நாள் உணவின்றி இருக்கும். போவதற்கு முன் தண்ணீரை மாற்றி, விளக்குகளை நேரக் கருவியில் விட்டுச் செல்லுங்கள். குஞ்சுகளை அப்படி விட முடியாது, ஒருவர் வந்து பார்க்க வேண்டும். மின்சாரம் பல மணி நேரம் நின்றால் கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா இறக்கும். மீண்டும் ஓட்டும் முன் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சை அலசிப் போடுங்கள்.

இனி வளர்க்க முடியாது என்றால் ஏரியில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் சிவப்புக் காது ஸ்லைடரும் இருக்கிறது. வெயில் காயும் இடத்தையும் உணவையும் உள்ளூர் ஆமைகளிடமிருந்து பறிக்கிறது, நோயையும் கொண்டுசெல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதன் இறக்குமதியை நிறுத்தியது. 2016இல் அந்த இனத்தையே தன் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. எந்த இனத்தை வளர்க்கலாம், எதை வளர்க்கக் கூடாது என்ற சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். வாங்கும் முன்பே விசாரியுங்கள். கைவிட வேண்டிய நிலை வந்தால் விலங்குக் காப்பகத்தையோ, ஊர்வன மருத்துவரையோ, பெரிய தொட்டி வைத்திருக்கும் அனுபவசாலியையோ கேளுங்கள்.

அங்கே எப்படி எடுத்துச் செல்வது? தண்ணீரோடா?

தண்ணீர் வேண்டாம், வண்டி குலுங்கும்போது ஆமை புரண்டு மூழ்கிவிடக்கூடும். காற்றுத் துளையுள்ள மூடிய பெட்டியில் ஈரத்துண்டை விரித்து அதன் மேல் வைத்து, வெயிலும் குளிரும் படாமல் கொண்டுசெல்லுங்கள். சில மணி நேரப் பயணத்தை ஆமை எளிதாகத் தாங்கும். புறப்படுவதற்கு முந்தைய நாள் உணவு கொடுக்காமல் விட்டால் பெட்டியும் அழுக்காகாது.